ப்ராம்ஸ் கச்சேரிக்கு விமர்சனம்: எங்கே நின்று கேட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

"இந்தக் கோடையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ப்ராம்ஸ் இசை விழாவின் கச்சேரிகளுக்கு முதல்முறையாகப் போகிறேன். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது. சிம்பொனி எல்லாம் யூடியூபில் கேட்டதுதான், மேற்கத்திய இசையை எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்க வராது. போகிற கச்சேரிகளுக்குத் தமிழில் விமர்சனம் எழுத ஆசை. எனக்குத் தகுதி இருக்கிறதா, எப்படி எழுதுவது, விழாவின் கடைசி இரவான லாஸ்ட் நைட்டில் ஆரம்பிக்கலாமா?" இதுதான் கேள்வி.

தாராளமாக எழுதலாம். நொட்டேஷன் தெரிந்தால் நல்லதுதான், தெரியாவிட்டால் தெரிந்தவர் போல எழுதாமல் இருந்தால் போதும். "43வது பாரில் ஒரு மாடுலேஷன்" என்று எங்கிருந்தோ எடுத்துப் போடுவதைவிட, மெதுவான பகுதியில் ஓபோ என்ற ஊதல் வாத்தியம் தனியாகத் தொடங்கியதும் எனக்கு முன்னால் நின்றவர் விசிறிக்கொண்டிருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டார் என்று எழுதினால் வாசகருக்கு அந்த ஓபோ எப்படி இருந்தது என்று கொஞ்சமாவது தெரியும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விழாவில் பாதி விமர்சனம் இடத்தைப் பற்றியதுதான். (ப்ராம்ஸ் என்றதும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், தமிழ் எழுத்தில் இது ஒரு தீராத தொல்லை. இது ப்ராமனேட், உலாவுவது என்ற சொல்லின் சுருக்கம்.) 1895 ஆகஸ்ட் 10 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில் அதன் மேலாளர் ராபர்ட் நியூமன் தொடங்கியது, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஹென்றி வுட் என்ற இளைஞர். நியூமனுக்குப் பணம் கொடுத்தவர் ஜார்ஜ் கேத்கார்ட் என்ற தொண்டை வைத்தியர். பாடகர்களின் தொண்டை தாங்கும்படி சுருதியைக் குறைக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று. சுருதிக் கட்டை பற்றிச் சண்டை போட்டே வளர்ந்த நமக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போகாது. 1927இல் பிபிசி விழாவை எடுத்துக்கொண்டது. 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் எரிந்துபோக, அந்தக் கோடையிலேயே விழா ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் மாறியது. இன்றுவரை அங்கேதான், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, ஏறக்குறைய எட்டு வாரம்.

ஆல்பர்ட் ஹால் 1871இல் திறந்தது, ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் நீள்வட்டமான கட்டடம், மேலே கண்ணாடிக் குவிமாடம். திறந்த நாளிலிருந்தே எதிரொலிதான் பிரச்சினை. தன் இசையை இரண்டு முறை கேட்க விரும்பும் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் இங்கே வந்தால் போதும் என்று ஒரு பழைய கேலி உண்டு. 1969இல் கூரையிலிருந்து கண்ணாடி இழையால் செய்த பெரிய பெரிய தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் காளான் மாதிரி இருக்கும், எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எதிரொலி பெரிதும் அடங்கியது. ஆனாலும் அந்த இடத்தின் குணம் போய்விடவில்லை. நூற்றுக்கணக்கில் குரல்கள் சேர்கிற மாலரின் எட்டாவது சிம்பொனிக்கு அது வீடு மாதிரி, வேகமாக ஓடுகிற மோட்சார்ட்டுக்கு அது குளியலறை மாதிரி. ஆர்கனில் பத்தாயிரம் குழாய்கள் அளவுக்கு இருக்கின்றன, மாலரின் இரண்டாவது சிம்பொனி முடிவில் அது சேரும்போது காதுக்கு முன்னால் உள்ளங்கால் கேட்டுவிடும்.

உள்ளங்கால் என்று சொன்னது ஏனென்றால் நின்றுதான் கேட்போம். அதுதான் இந்த விழாவின் விசேஷம். மேடைக்கு நேர் முன்னால் அரீனா என்ற திறந்த தரை, உச்சியில் வட்டமாக ஓடுகிற கேலரி, இரண்டும் நிற்பவர்களுக்கு. அன்றன்றைக்குப் பத்து பவுண்டுக்குள் டிக்கெட். அரீனா முன்வரிசையில் நின்றால் முதல் வயலின்காரரின் வில் நரம்பில் உரசுவதே கேட்கும், ஆனால் பின்னால் இருக்கும் மர ஊதல் வாத்தியங்கள் சில சமயம் தலைக்கு மேலே போய்விடும். கேலரியில் எல்லாம் கலந்து, கொஞ்சம் தாமதமாக, ஒரே வண்ணமாக வந்து சேரும். அங்கே தரையில் துண்டு விரித்துப் படுத்துக் கேட்கிறவர்களும் உண்டு. ஒரே இரவு, ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, இரண்டு வெவ்வேறு கச்சேரி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பியானோ கச்சேரிக்கு, நின்றால் முதுகு வலிக்கும் என்று, மேடைக்குப் பின்பக்கம் கோரஸ் உட்காருகிற வரிசையில் மலிவாக ஓர் இருக்கை வாங்கினேன். பியானோ மந்தமாக, பஞ்சு வைத்து அடைத்த மாதிரி கேட்டது. வீட்டுக்கு வந்து, "தொடுகையில் தெளிவில்லை, ஆர்க்கெஸ்ட்ராவோடு போட்டி போடத் தெம்பில்லை" என்று மிடுக்காக எழுதிவிட்டேன். மறுநாள் பிபிசி ரேடியோ 3 பதிவைக் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் மணி மாதிரி. அரீனாவில் நின்ற நண்பரைக் கேட்டால் அவரும் அப்படித்தான் சொன்னார். விஷயம் என்ன? பியானோவின் மூடி சபையை நோக்கித் திறக்கும். எனக்குக் கிடைத்தது மூடியின் முதுகு. பியானோக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் உட்கார்ந்த இடத்தைத்தான் விமர்சனம் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து என் விமர்சனத்தின் முதல் இரண்டு மூன்று வரிக்குள் எங்கே இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, நல்ல இருக்கையில் உட்கார்ந்து அரங்கம் முழுவதற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

ரேடியோ விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கச்சேரியும் பிபிசி ரேடியோ 3இல் நேரடியாகப் போகிறது, அப்புறம் சில வாரங்களுக்கு இணையத்தில் கேட்கலாம். எழுதுவதற்கு முன் அதைக் கேட்கலாமா? சந்தேகம் தீர்க்கக் கேட்கலாம்: அந்த ஹார்ன் (பித்தளை ஊதல் வாத்தியம்) உண்மையிலேயே பிசிறியதா, கைதட்டலுக்குப் பிறகு கூடுதலாகத் தருகிற என்கோரில் வாசித்தது எது, இப்படி. ஆனால் அதைக் கேட்டு எழுதாதீர்கள். ரேடியோவுக்கு மைக் பாடகியின் பக்கத்தில் இருக்கிறது, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேலே தனியாகத் தொங்குகிறது, ஒருவர் உட்கார்ந்து அளவு பார்த்துக் கலக்கிக்கொண்டிருக்கிறார். அரங்கத்தில் ஸ்ட்ராஸின் இசையில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் மூழ்கிப்போன குரல் ரேடியோவில் தேன் மாதிரி வரும். இரண்டும் உண்மைதான். உங்களுடையது அரங்கத்தின் உண்மை. என் பியானோ கதையில் ரேடியோ காப்பாற்றியதே என்பீர்கள். ஆமாம், ஆனால் காப்பாற்றியது என் தீர்ப்பிலிருந்து. நான் கேட்டது பஞ்சடைத்த பியானோதான், அதை மாற்ற முடியாது. "பின் வரிசையில் பியானோ இப்படித்தான் கேட்கிறது, அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள்" என்று எழுதியிருந்தால் யாருக்காவது பிரயோஜனப்பட்டிருக்கும்.

போவதற்கு முன் என்ன செய்யலாம்? அன்றைக்கு வாசிக்கப்போகிற பெரிய உருப்படியை வீட்டில் இரண்டு வெவ்வேறு பதிவுகளில் கேளுங்கள். இரண்டு என்பது முக்கியம். ஒன்றையே பத்து முறை கேட்டால் அதுதான் சரி என்று காது பழகிவிடும், மேடையில் வருவதெல்லாம் தப்பாகத் தெரியும். மாலரின் இரண்டாவது ஒருவர் கையில் 80 நிமிடம் ஓடும், இன்னொருவர் கையில் 90 நிமிடம் ஓடும். நம் ஊரில் ஒரே கீர்த்தனையை இரண்டு பாணிக்காரர்கள் இரண்டு காலப்பிரமாணத்தில் பாடினால் நாம் பதறுவதில்லையே.

அரங்கத்துக்குள் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டு, ஒரு மூவ்மென்ட் (உருப்படியின் ஒரு பகுதி) முடிந்ததும் மூன்று சொல், அவ்வளவுதான். நான் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாகக் கிறுக்குவேன், பிறகு பார்த்தால் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை. தொலைபேசியை எடுக்கவே எடுக்காதீர்கள், அரீனாவில் பக்கத்தில் நிற்கும் பழைய ஆள் பார்க்கிற பார்வையிலேயே வற்றிப்போவீர்கள். ஆனால் அந்தப் பழைய ஆளை இடைவேளையில் பிடித்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது கோடையாக நிற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், என்கோர் என்னவென்று முதல் நான்கு சுரத்தில் சொல்லிவிடுவார்கள். பியானோ மூடியைத் தூக்கும்போது அரீனா "ஹீவ்" என்று கத்த, மேலிருந்து கேலரி "ஹோ" என்று பதில் கொடுக்கும். சுருதி சேர்க்கப் பியானோவில் ஒற்றைச் சுரம் தட்டினால் அதற்கும் கைதட்டல். முதல் முறை பார்க்கும்போது இதை எழுதத்தான் தோன்றும், எழுதுங்கள், ஒரே ஒரு முறை. ஒவ்வொரு விமர்சனத்திலும் அது வந்தால் வாசகர் ஓடிவிடுவார்.

அதே கூட்டம் அமைதியாக இருப்பதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நம் சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீன் பக்கம் நகர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2015 செப்டம்பரில் செல்லோக்காரர் யோ-யோ மா தன்னந்தனியாக மேடையில் உட்கார்ந்து, பாக்கின் ஆறு செல்லோ சூட்களையும் ஒரே மாலையில் வாசித்தார். ஒரே ஒரு செல்லோ, ஐயாயிரம் பேர், இரண்டு மணி நேரத்துக்கும் மேல், அரீனாவில் அத்தனை பேரும் நின்றுகொண்டு. கட்டடம் இவ்வளவு பெரிது, செல்லோ இவ்வளவு சின்னது என்று கணக்குப் பார்த்தால் இது நடக்கவே கூடாது. அவர் சத்தத்தைக் கூட்டி அரங்கத்தை நிரப்பப் பார்க்கவில்லை, மெதுவாக வாசிக்க வாசிக்கக் கூட்டம்தான் முன்னால் சாய்ந்துகொண்டு வந்தது. இப்படி அரங்கத்துக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் அந்த இரவு என்ன பேரம் நடந்தது என்று பார்த்தால் பாதி விமர்சனம் கையில் வந்துவிடும்.

வெளியூர் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு இந்தப் பேரம் இன்னும் கடினம். பெர்லின், வியன்னா எல்லாம் ஆகஸ்ட் கடைசியில் சுற்றுப்பயணமாக வருவார்கள். சால்ஸ்பர்க், லூசெர்ன் என்று மற்றக் கோடை விழாக்களில் வாசித்த அதே நிகழ்ச்சி, அதனால் வாசிப்பு பழுத்திருக்கும். ஆனால் இந்த அரங்கத்தைப் பழகக் கிடைப்பது கொஞ்ச நேர ஒத்திகை. முதல் பத்து நிமிடம் பித்தளை வாத்தியங்கள் எல்லாவற்றையும் அமுக்கி, அப்புறம் கண்டக்டர் இடது கையால் தணித்துத் தணித்து சரிசெய்வதை நேரில் பார்க்கலாம். பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நேர் எதிர்ப்பிரச்சினை. அரங்கம் அத்துப்படி, ஆனால் ஒரே கோடையில் பத்துக்கு மேற்பட்ட கச்சேரி, ஒவ்வொன்றிலும் வேறு உருப்படி, பல சமயம் உலகில் யாரும் இதுவரை வாசிக்காத ஒன்று. வியன்னாவோடு ஒப்பிட்டு அவர்களை மட்டம் தட்டுகிற விமர்சனம் படித்தால் எனக்குக் கோபம் வரும்.

கண்டக்டர் என்று எழுதும்போது எல்லாம் கையில் விசிலும் தோல்பையும் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. நடத்துநர் என்று தமிழில் போட்டாலும் அதே பஸ்தான். நான் கண்டக்டர் என்றே எழுதுகிறேன், ஐந்தாறு கட்டுரைக்குப் பிறகு வாசகருக்குப் பழகிவிடும். பொதுவாகச் சொற்களில் நமக்கு ஒரு வசதி உண்டு, ஒரு பள்ளமும் உண்டு. காலப்பிரமாணம், சுருதி, அழுத்தம், கார்வை இதெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், தைரியமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் டி மைனர் என்பதை ராகம் என்று சொல்லிவிடாதீர்கள், ஹார்மனியை ஸ்வரக்கூட்டு என்றெல்லாம் எழுதி யாருக்கும் புரியாமல் செய்யாதீர்கள். மெய்மறந்தோம், கரவொலி விண்ணைப் பிளந்தது, இசை மழையில் நனைந்தோம் போன்ற வாக்கியங்களை உள்ளே விடாதீர்கள். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, கச்சேரிக்குப் போகாத ஒருவர் நிகழ்ச்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதை எழுதியிருக்க முடியுமா என்று கேட்பேன். முடியும் என்றால் அடித்துவிடுவேன். இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் எந்த வருடம் அமெரிக்கா போனார் என்பது போய்விடும், செல்லோக்காரர் இரண்டாவது மூவ்மென்டுக்கு முன் நெடுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது நிற்கும்.

ட்வோர்ஷாக் என்றதும் 1968 நினைவுக்கு வருகிறது. அந்த ஆகஸ்ட் 21 அன்று சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. அன்று மாலை ப்ராம்ஸ் மேடையில் இருந்தது சோவியத் அரசு ஆர்க்கெஸ்ட்ரா, ஸ்வெத்லானோவ் நடத்த, ரஸ்ட்ரபோவிச் வாசிக்க வேண்டியது செக் நாட்டுக்காரரான ட்வோர்ஷாக்கின் செல்லோ கன்செர்ட்டோ, அதாவது செல்லோ முன்னால் நின்று ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற உருப்படி. நிகழ்ச்சி எப்போதோ முடிவானது, யாரும் திட்டமிடவில்லை. அரங்கத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்ப்புக் குரல்கள். ரஸ்ட்ரபோவிச் கண்ணீரோடு வாசித்தார், முடிந்ததும் அந்த இசைத்தாளை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். பதிவு இருக்கிறது, தேடிக் கேளுங்கள். அன்றைக்கு விமர்சனம் எழுதுகிறவர் வில்லின் பிடியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அது பொய். செய்தியை மட்டும் எழுதி, அவர் வாசித்த விதத்தில் அந்தச் செய்தி எங்கே கேட்டது என்று சொல்லாமல் விட்டிருந்தால் அது விமர்சனமே இல்லை.

உணர்ச்சி வேறு விதத்திலும் காலை வாரும். 2019 செப்டம்பர் 3 அன்று பெர்னார்ட் ஹைட்டிங்க், வயது 90, வியன்னா பில்ஹார்மோனிக்கோடு ப்ரூக்னரின் ஏழாவது சிம்பொனி நடத்தினார். பிரிட்டனில் அவருடைய கடைசிக் கச்சேரி என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இரவில் முதல் சுரத்துக்கு முன்னாலேயே தொண்டை அடைத்துவிடும், அடைத்த தொண்டையோடு கேட்டால் எதுவும் தெய்வீகமாகத்தான் இருக்கும். நான் அந்த மாதிரி நேரத்தில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுவேன். இது விடைபெறுதல் பற்றியது, இது வாசிப்பு பற்றியது. கலக்க மாட்டேன்.

எதிர்பாராதது நடந்தால் அதையும் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1974இல் கார்மினா புரானா என்ற கோரஸ் உருப்படி நடுவில் பாரிடோன் பாடகர் தாமஸ் ஆலன் மேடையிலேயே மயங்கி விழ, சபையில் இருந்த பாட்ரிக் மெக்கார்த்தி என்ற இளம் பாடகர், எனக்கு இந்தப் பகுதி தெரியும் என்று உள்ளே போய் மீதியைப் பாடி முடித்தார். ஜூலை ஆகஸ்டில் அந்த அரங்கப் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு மயக்கம் ஆச்சரியம் தராது. தண்ணீர் கொண்டு போங்கள்.

புது உருப்படிகள் வரும், பயப்படாதீர்கள். நன்றாக இருக்கிறதா என்று உடனே தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை, என்ன நடந்தது என்று சொன்னால் போதும்: எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் முன்னால் வந்தது, எங்கே கவனம் சிதறியது, எங்கே நிமிர்ந்தீர்கள். இங்கேதான் ரேடியோவை இரண்டாவது முறை கேட்பது நியாயம், கேட்டேன் என்று சொல்லிவிட்டால்.

பிடிக்காததை எழுதுவது பற்றி. நமக்கு விமர்சனம் என்றாலே சுப்புடு ஞாபகம் வருகிறது, பிரச்சினை என்னவென்றால் அவருடைய குத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு காதை விட்டுவிடுகிறோம். அதற்கு முன் ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் கல்கி எழுதினார். அதற்கும் முன், 1889-90இல் லண்டன் ஸ்டார் பத்திரிகையில் "கோர்னோ டி பஸெட்டோ" என்ற புனைபெயரில் பெர்னார்ட் ஷா எழுதினார். இருவருக்கும் வாசகர் சங்கீத வித்வான் இல்லை, வேலை முடிந்து வந்த சாதாரண ஆள் என்பது தெரிந்திருந்தது. ஒரு ஹார்ன் பிசிறினால் நான் எழுதுவதில்லை, அந்த வாத்தியத்தின் சுபாவம் அது. ஒரு முழு மூவ்மென்ட் உயிரில்லாமல் போனால் எழுதுவேன், ஏன் அப்படித் தோன்றியது என்று காரணத்தோடு. மூவ்மென்டுகளுக்கு நடுவில் கை தட்டியவர்களைத் திட்டி எழுதாதீர்கள். பாட்டுக்கு நடுவிலேயே "ஆஹா, பேஷ்" சொல்கிற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

லாஸ்ட் நைட்டுக்கு வருகிறேன். வேண்டாம். கொடி, ஊதல், பலூன், எல்லோரும் சேர்ந்து பாட்டு, ஹென்றி வுட்டின் மார்பளவுச் சிலைக்கு மாலை என்று அது ஒரு திருவிழா. இசை நடுவில் எங்கோ இருக்கும். 1995இல் பர்ட்விஸ்ல் என்பவரின் சாக்ஸஃபோன் உருப்படி ஒன்றை, பானிக் என்று பெயர், அந்த இரவில் வைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களிடமிருந்து புகார் குவிந்தது. அதே இசை அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடந்திருந்தால் ஒரு சத்தமும் வந்திருக்காது. டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்காது. அதற்குப் பதில் ஆகஸ்ட் நடுவில், பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு வார நாள் மாலையாகப் பாருங்கள். முதல் பாதி அரீனா, இடைவேளையில் படி ஏறி, ஊழியர்கள் விட்டால், இரண்டாம் பாதி கேலரி. நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதியதும் அனுப்புங்கள், எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று முதலில் தேடுவேன்.